குளிர்த் தண்ணியும் சிலிண்டர் கணக்கும்

“அண்ணே, சிலிண்டர் எவ்ளோ பெருசா வாங்கலாம்?”

டைவிங் பக்கம் புதுசா வர்ற நம்மாளுங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் பதிலுக்கு, “உள்ள என்ன டிரெஸ் போடப் போறீங்க?”ன்னு கேப்பேன். ஒரு மாதிரியா பார்ப்பாங்க. சிலிண்டரைப் பத்திக் கேட்டா இவன் ஏன் துணிக்கடைக்காரன் மாதிரி பேசறான்னு. குளிர்ந்த தண்ணியில் இறங்கறவனுக்கு இந்த ரெண்டும் ஒரே கேள்விங்க. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க. எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் இன்ஸ்ட்ரக்டர் இல்லை. வாரநாள்ல ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, சனி ஞாயிறு தண்ணியில குதிக்கிற சாதாரண ஆசாமி. இதை மட்டும் படிச்சுட்டு யாரும் ஏரியில இறங்கிடாதீங்க. ட்ரைசூட்டுக்குன்னே தனியா கோர்ஸ் இருக்கு.

நான் முங்கறது கனடாவில், டொராண்டோவிலிருந்து காரில் நாலு மணி நேரம் போனா வர்ற டோபர்மோரியில. ஹூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் சேர்ற முனை. 1987-இல் இந்த இடத்தை ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்கான்னு அறிவிச்சாங்க. (ஏரிக்குள்ள எப்படி கடல் பூங்கான்னு என்னைக் கேக்காதீங்க.) இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அடியில கிடக்கு. 1885-இல் மூழ்கின ஸ்வீப்ஸ்டேக்ஸ் வெறும் 6 மீட்டர் ஆழத்துல இருக்கு, படகுல போறவங்க மேலிருந்தே எட்டிப் பார்க்கலாம். 1884-இல் மூழ்கின அரேபியா கிடக்கிறது 30 மீட்டருக்கும் கீழே. உப்பில்லாத குளிர்ந்த தண்ணி, மரத்தைத் துளைக்கிற கடல்புழு கிடையாது. அதனால 140 வருஷம் ஆகியும் பலகையெல்லாம் கப்பல் மாதிரியே இருக்கு. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

உப்பில்லாத தண்ணிக்கு அடர்த்தி அதிகமா இருக்கிறது 4 டிகிரியில. அதனால 4 டிகிரித் தண்ணி எல்லாம் போய் ஏரியோட அடியில உட்கார்ந்துக்கும். ஆகஸ்ட் மாசம் மேலே 18 டிகிரி இருக்கும், பசங்க குதிச்சு விளையாடிட்டு இருப்பாங்க. கீழே போகப் போக ஓரிடத்துல கோடு கிழிச்ச மாதிரி குளிர் ஆரம்பிக்கும். தெர்மோக்ளைன்னு சொல்வாங்க. கையை நீட்டினா விரல் நுனி ஃப்ரிட்ஜுக்குள்ள, முழங்கை வெளியில. அந்தக் கோட்டுக்குக் கீழே கோடைகாலம்னு ஒண்ணு கிடையாது. நான் கத்துக்கிட்டது அந்தமான்ல, 29 டிகிரித் தண்ணியில, 3 மிமீ சூட்டுல. (கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சா நிக்காது, விடுங்க.)

முதல்ல டிரெஸ் கதை.

வெட்சூட்ல உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவுல ஒரு படலம் தண்ணி நிக்கும், அது சூடாகி நம்மளைக் கதகதப்பா வெச்சிருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. பாதிதான் சரி. 1950களின் தொடக்கத்துல இதைக் கண்டுபிடிச்ச ஹ்யூ பிராட்னர்ங்கிற பெர்க்லி இயற்பியலாளர் (அணுகுண்டுத் திட்டத்துல வேலை பார்த்தவர்) பிடிச்ச விஷயமே வேற. குளிரைத் தடுக்கறது தண்ணி இல்லை, நியோப்ரீன் ரப்பருக்குள்ள இருக்கிற குட்டிக் குட்டி வாயுக் குமிழிகள். தண்ணி உள்ளே வந்தா பரவாயில்லை, ஓடாம நின்னா போதும்.

சிக்கலும் அந்தக் குமிழியிலதான். 30 மீட்டர்ல அழுத்தம் கரையில இருக்கிறதைப் போல நாலு மடங்கு. குமிழி கால்வாசியா சுருங்கிடும். 7 மிமீன்னு காசு கொடுத்து வாங்கின சூட், எங்கே குளிர் அதிகமோ அங்கே போனதும் ஒல்லியாயிடும். மேலே வந்ததும் பழையபடி 7 மிமீ! வீட்ல இருக்கும்போது கனமா இருந்து ஸ்டேஷன் போனதும் இளைச்சுப் போற பர்ஸ் மாதிரி.

குளிர் மட்டுமில்லை. மிதக்க வெச்சுக்கிட்டு இருந்ததும் அதே குமிழிதானே. ரெண்டு பீஸ் 7 மிமீ சூட் மேலே பத்து கிலோ மிதப்பு கொடுக்குதுன்னு வெச்சுக்கங்க. அதை அமுக்கப் பத்து கிலோ ஈயம் கட்டியிருப்பீங்க. 30 மீட்டர்ல சூட்டோட மிதப்புல பெரும்பகுதி காணாம போயிருக்கும், ஈயம் மட்டும் பத்து கிலோ அப்படியே தொங்கும். தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிச்சவங்க இந்த விஷயத்துல கெட்டிக்காரங்க. கல்லைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டு, அடியில கல்லை விட்டுடுவாங்க. படகுல இருக்கிறவர் கயித்தால அதை மேல இழுத்துப்பார். நாம ஈயத்தை இடுப்புல கட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறோம்.

ட்ரைசூட் வேற ஜாதி. உள்ளே தண்ணியே வராது. கழுத்துலயும் மணிக்கட்டுலயும் லேட்டக்ஸ் சீல், உள்ளே கம்பளி உடுப்பு, நெஞ்சுல ஒரு வால்வு. கீழே போகப் போக சூட் உடம்பை நெருக்கும், வால்வை அமுக்கிக் காத்து விட்டுக்கணும். மேலே வரும்போது அந்தக் காத்து விரியும், தோள்பட்டை வால்வு வழியா விடணும். சும்மா மெல்லிசான டிரைலாமினேட் சூட்டுக்குன்னு தனியா கதகதப்பு எதுவும் கிடையாது, அது வெறும் ரெயின்கோட்டு. சூடு தர்றது உள்ளே போடற உடுப்புதான். அதனால தண்ணிக்குத் தகுந்த மாதிரி உடுப்பை மாத்திக்கலாம். பருத்தி பனியன் மட்டும் கூடவே கூடாது. வேர்வையைக் குடிச்சுட்டு ஈரத்துணியா ஒட்டிக்கும்.

நம்மூர் உடம்புக்கு ட்ரைசூட்ல சில தனிப் பிரச்சனைகள் இருக்கு, எந்தக் கையேட்டுலயும் எழுதறதில்லை. மணிக்கட்டு ஒல்லியா இருந்தா, கையை மடக்கும்போது நரம்புக்கு ரெண்டு பக்கமும் பள்ளம் விழும், அந்த வாய்க்கால் வழியா தண்ணி ஜோரா உள்ளே வரும். தங்கமணி தாலிச்சங்கிலியைக் கழட்ட மாட்டாங்க. ஒண்ணும் தப்பில்லை, ஆனா மொத்தமும் கழுத்து சீலுக்குக் கீழே போயிடணும். சீல்ல பாதி, வெளியில பாதின்னா அன்னிக்கு உள்ளே குளம்தான். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிட்டு வந்தா அந்த எண்ணெயே லேட்டக்ஸை நாளடைவில் அரிச்சுடும். சீல் வழுக்கப் போடற பவுடரும் வாசனை இல்லாததா இருக்கணும். மோதிரத்தைக் கரையிலேயே கழட்டிடுங்க, குளிர்ல விரல் சுருங்கும். ஒண்ணுக்குப் போறதுக்கு என்ன வழின்னு கேக்கறவங்களுக்கு: அதுக்கும் ஒரு வால்வு இருக்கு. மேல விவரம் வேண்டாம் :-)

செலவு? இரண்டாயிரம் டாலரைச் சுலபமா தாண்டும். அந்தக் காசுக்கு வெட்சூட் ரெண்டு மூணு வாங்கிடலாம். அதான் எல்லாரும் சூட்டை விட்டுட்டு சிலிண்டர் பக்கம் போயிடறாங்க.

சரி, சிலிண்டர்.

உலகம் பூரா வாடகைக்குக் கிடைக்கிறது அலுமினியம் 80. தண்ணி ஊத்தினா 11.1 லிட்டர் பிடிக்கும், 207 பார் வரைக்கும் காத்து அடைக்கலாம். (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு. நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம் ஏறக்குறைய 1 பார்.) 80 கன அடின்னு பேரு, உண்மையில 77.4 கன அடிதான். அதுக்குள்ள இருக்கிற காத்தே இரண்டே முக்கால் கிலோ எடை இருக்கும்னா பலபேர் நம்ப மாட்டேங்கறாங்க. அந்தக் காத்து தீரத் தீர சிலிண்டர் லேசாகி, கடைசியில கார்க் மாதிரி மேலே இழுக்கும், ஏறக்குறைய ரெண்டு கிலோ. அதுக்காகவே ரெண்டு கிலோ ஈயம் கூடுதலா கட்டணும். இரும்பு சிலிண்டர் காலியானாலும் மூழ்கும். அதனால அந்த ஈயம் மிச்சம்.

அப்போ எல்லாரும் இரும்பே வாங்கிடலாமே? இங்கதான் டிரெஸ் கேள்வி வருது. தடிமனான வெட்சூட், பெரிய இரும்பு சிலிண்டர், 30 மீட்டர் ஆழம். சூட் சுருங்கியாச்சு, சிலிண்டர் நிறைய காத்து, முதுகுல இருக்கிற மிதவைப் பை (பி.சி.டி.) கிழிஞ்சுடுச்சுன்னா? எட்டுப் பத்து கிலோவைக் காலால உதைச்சு மேலே தூக்கிட்டு வரணும். இடுப்பு ஈயத்தைக் கழட்டிப் போடலாம், சிலிண்டரைக் கழட்டிப் போட முடியுமா? ட்ரைசூட்ல அந்தப் பிரச்சனை கம்மி, சூட்டுக்குள்ளயே காத்து விட்டுக்கிட்டு எழுந்து வரலாம். இரும்புக்கும் ட்ரைசூட்டுக்கும் ஜோடிப் பொருத்தம் பத்துக்குப் பத்து. பெரிய இரும்புக்கும் வெட்சூட்டுக்கும் ஆழத்துல ரஜ்ஜுப் பொருத்தமே இல்லை.

தங்கமணி அஞ்சடி ஒரு அங்குலம். அவங்களுக்கு சிலிண்டர் வாங்கப் போனோம். கடைக்காரர் (பேர் வேண்டாம்) அலுமினியம் 80-ஐ எடுத்து வெச்சு, “எல்லாருக்கும் இதுதான் ஸ்டாண்டர்ட்”னார். தங்கமணி அதை முதுகுல மாட்டினா பின்மண்டையில வால்வு இடிக்குது, பின்பக்கத்துல அடிப்பாகம் இடிக்குது. இரும்புல 80 இருக்கான்னு கேட்டோம். அது அரையடி குட்டை, ஒன்றரை கிலோ எடை கம்மி, காத்து அதே அளவு. “அது சின்ன சிலிண்டராச்சே, பத்தாது”ன்னார். அளவைப் பார்த்துட்டு சொல்றாரே ஒழிய உள்ளே எவ்வளவு பிடிக்கும்னு பார்க்கலை. தங்கமணி ஒண்ணும் பேசாம வெளியில வந்துட்டாங்க. வேற கடையில இரும்பு 80 வாங்கி, இடுப்புல மூணு கிலோ ஈயத்தைக் குறைச்சாங்க. ஒரே ஒரு குறை. அதோட முழு அழுத்தம் 237 பார். அரைகுறையா 207-க்கு அடிச்சுக் கொடுக்கிற இடத்துல 70 கன அடிதான் கிடைக்கும், கேஜைப் பார்த்து வாங்கணும். பழைய சிலிண்டர் வாங்கறவங்க கழுத்துல கனடாவோட டி.சி. முத்திரை இருக்கான்னு பாருங்க. அது இல்லைன்னா இங்க எந்தக் கடையிலயும் காத்து அடிக்கச் சொல்லிக் கேக்க முடியாது. அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் தண்ணி அழுத்தச் சோதனையும் உண்டு.

அவங்க இவ்வளவு கறாரா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் ஒரு குவாரியில, 18 மீட்டர்ல, வாடகைக்கு எடுத்த ரெகுலேட்டர் உறைஞ்சு போச்சு. அழுத்தமா அடைச்ச காத்து விரியும்போது பயங்கரமா குளிரும், கேஸ் சிலிண்டர் மேல பனி பூக்கிற மாதிரி. தண்ணியே 4 டிகிரின்னா, ரெகுலேட்டருக்குள்ள பனிக்கட்டி பிடிச்சு வால்வு திறந்தது திறந்தபடி நின்னுடும். மூச்சு விடாட்டியும் காத்து கொட்டிக்கிட்டே இருக்கும். குளிருக்குன்னு மூடி போட்ட ரெகுலேட்டர் உண்டு, அன்னிக்குக் கொடுத்தது அது இல்லை. அவங்க முகத்தைச் சுத்தி ஒரே குமிழி, எனக்கு அவங்களையே தெரியலை. என்னோட மாற்று ரெகுலேட்டரை வாயில வாங்கிக்கிட்டாங்க, கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறினோம். கிளம்பும்போது அவங்க கேஜ் 120 பார். மேலே வந்தப்போ 20. அவங்க அதிலிருந்து அந்த நேரம் ஒரு மூச்சு கூட எடுக்கலை.

அன்னிக்கு ரெண்டு பேரையும் மேலே கொண்டு வந்தது என் சிலிண்டர்ல மிச்சம் இருந்த காத்து. அதனால நான் சிலிண்டர் அளவை, “எவ்ளோ நேரம் கீழே இருக்கலாம்”னு கணக்குப் போடறதில்லை. ரெண்டு பேர் பதட்டத்தோட ஒரே சிலிண்டர்ல மேலே வரணும், அதுக்கு எவ்வளவு வேணும்? அதை முதல்ல கழிச்சுடுவேன். மிச்சம்தான் செலவு பண்ற காசு.

போன வருஷம் ஜூன்ல சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்தார். அந்தமான்ல நாப்பது டைவ் பண்ணினவர், தண்ணியில மீன் மாதிரி இருப்பார். வந்ததும் வராததுமா, “அரேபியா போகணும்ணே. வாடகைக்கு 7 மிமீ சூட், அலுமினியம் 80, போதும். அந்தமான்ல அம்பது நிமிஷம் இருந்துட்டு 70 பாரோட மேலே வருவேன்”னார். உண்மைதான், நானும் கூட இருந்து பார்த்திருக்கேன். சராசரி ஆழம் 12 மீட்டர்னு வெச்சு வகுத்தா, நிமிஷத்துக்கு 13 லிட்டர்தான் இழுக்கிறார். யோகி!

நான் முடியாதுன்னு சொல்லலை. “நாளைக்கு 12 மீட்டர்ல ஒண்ணு போவோம், அப்புறம் பேசலாம்”னேன்.

மறுநாள் கரையில வெயில்ல அவர் சிலிண்டர் 207 காட்டிச்சு. தண்ணியில இறங்கினதும் 185. ஓட்டை எதுவும் இல்லை, காத்து குளிர்ந்தா அழுத்தம் குறையும், அவ்வளவுதான். ஆனா பாக்கெட்டுல இருந்து பத்துல ஒரு பங்கு காணாம போன மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் 6 டிகிரி காட்டினது. பதினஞ்சாவது நிமிஷம் கை நடுங்க ஆரம்பிச்சது, கேஜ் க்ளிப்பை மாட்டத் தெரியாம தடவினார். நான் “சரியா?”ன்னு சைகை காட்டினா, சரின்னு சொல்ல நாலைஞ்சு விநாடி யோசிச்சார். 22-ஆவது நிமிஷம் மேலே வந்தோம். 60 பார்.

படகுல போர்வையைச் சுத்திக்கிட்டு டீ குடிச்சுக்கிட்டே கணக்குப் போட்டோம். 125 பாரை 11.1-ஆல பெருக்கினா 1,390 லிட்டர் போச்சு. நிமிஷத்துக்கு 29. அதே ஆள், அதே நுரையீரல், 13-லேர்ந்து 29.

இப்போ அரேபியாவுக்கு அதையே போடுங்க. 33 மீட்டர், அங்கே அழுத்தம் 4.3 பார், அவர் நிமிஷத்துக்கு 125 லிட்டர் இழுப்பார். ஏதாவது ஆனா ரெண்டு பேர் மேலே வர: ஆளுக்கு 30 லிட்டர் வீதம், அடியில ஒரு நிமிஷத் தடுமாற்றம், நிமிஷத்துக்கு 9 மீட்டரா ஏற்றம், 5 மீட்டர்ல மூணு நிமிஷ நிறுத்தம். கூட்டினா 1,100 லிட்டர், அந்த சிலிண்டர்ல 100 பார். இருக்கிற 185-ல 100 தொடக் கூடாது. மிச்சம் 85 பார். கீழே போகவே ரெண்டரை நிமிஷம் ஆகும். கப்பலைப் பார்க்க ஆறு நிமிஷம்.

“பெரிய சிலிண்டர் எடுத்துட்டா?”ன்னார். போட்டுப் பார்த்தோம். இரும்பு 100, அதாவது 12.9 லிட்டர், குளிர்ந்த பிறகு 220 பார்னா 12 நிமிஷம் ஆகுது. சரி, சிலிண்டரை மாத்தாம ட்ரைசூட் போட்டு, நடுக்கமில்லாம மூச்சு 18 லிட்டருக்கு வந்துச்சுன்னா? பத்தரை நிமிஷம். ரெண்டையும் மாத்தினா 21. அதுக்குள்ள டீகம்ப்ரஷன் வரம்பே வந்துடும், காத்து பிரச்சனையே இல்லை.

அவர் ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்தார். 12 நிமிஷம் போதாதான்னு கேட்டார். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கார். ஆனா க்ளிப் மாட்டத் தெரியாத விரலை நான் பார்த்துட்டேன். அந்த விரல்தானே எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வாயில ரெகுலேட்டரைக் கொடுக்கணும்? கணக்குல அதுக்கு ஒரு கட்டம் கிடையாது. தங்கமணிதான், “அண்ணா, குளிர்ந்தா நமக்கே தெரியாது, மூளையும் மந்தமாயிடும். நானும் இவரும் கூட இறங்க மாட்டோம்”னு பட்டுனு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் பேசலை.

மீதி ரெண்டு நாளும் ஸ்வீப்ஸ்டேக்ஸ் பக்கம்தான். 6 மீட்டர்ல சிலிண்டர் தீரவே மாட்டேங்குது, குளிர்ற வரைக்கும் இருந்துட்டு ஏறிடுவோம்.

இந்த ஆகஸ்ட்ல மறுபடி வர்றாராம். ட்ரைசூட் கோர்ஸுக்குக் குவாரியில தேதி வாங்கி வெச்சிருக்கேன், இரும்பு 100 என்கிட்டயே ஒண்ணு கூடுதலா இருக்கு. வாடகை சூட்டுக்கு அளவு அனுப்பச் சொன்னேன். மணிக்கட்டு பதினாலரை சென்டிமீட்டராம், குச்சி மாதிரி. சீலை வெட்டாம அப்படியே கொடுக்கச் சொல்லணும்.